கரண்டு பில்லும் என் தலையும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் சூடான பருத்தியின் வாசனை நிறைந்துவிடும். தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த துணி, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ‘சுர்’ரென்று ஆவி விடுமே, அந்த வாசனை. ஒரு வாரத்துக்கு வேண்டிய என் பள்ளிச் சீருடை, அப்பா ஜூரோங் கப்பல் பட்டறைக்குப் போட்டுப் போகும் முழுக்கைச் சட்டைகள், அம்மாவின் சேலைகள், தலையணை உறைகள்கூட ஒரே மூச்சில் தேய்க்கப்படும். பெட்டி வாரத்துக்கு ஒருமுறைதான் சூடேற வேண்டும். ஆறியதை மறுபடி சூடேற்றுவது அம்மாவின் சட்டப்படி குற்றம். சுவிட்சை அணைத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில் கைக்குட்டைகளைத் தேய்த்து முடித்துவிட்டு, உலகத்தையே ஏமாற்றிவிட்டவரைப் போல ஒரு பார்வை பார்ப்பார்.

தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில், மூன்றறை வீடு எங்களுடையது. அந்த வீட்டில் மின்சாரம் என்பது விருந்தாளி மாதிரி. வேலை முடிந்ததும் மரியாதையாக அனுப்பி வைத்துவிட வேண்டும். சுடுதண்ணீர் ஹீட்டருக்கு ஏழு நிமிடம். காற்றாடிக்கு இரண்டாம் எண்ணுக்கு மேல் அனுமதி இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், “தொறந்து வச்சுக்கிட்டு யோசிக்காத, யோசிச்சிட்டுத் தொற” என்று சமையலறையின் எந்த மூலையிலிருந்தும் குரல் வரும். மாதக் கட்டணச் சீட்டில் நம் வீட்டுச் செலவையும் அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாகப் போட்டுக் காட்டுவார்கள் அல்லவா, அம்மாவுக்கு அதுதான் மதிப்பெண் அட்டை. எங்கள் கோடு பக்கத்துக் கோட்டைவிடக் குட்டையாக இருந்தால் அன்றைக்குக் கேசரி நிச்சயம்.

அம்மாவின் பெயர் செல்வி. தேக்கா சந்தையின் மேல்மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைப்பவர். எனக்குப் பதிமூன்று வயதான வருடம், மின்சாரம் விற்கும் உரிமையைப் பல கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஒரே இரவில் ஊரெல்லாம் கரண்டு வியாபாரிகள் முளைத்தார்கள். எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தின் வாசலில் ஒருவர், சந்தையின் மின்படிக்கட்டுக்கு அடியில் ஒருவர், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் பை கொடுத்தார்கள், பையில் விசிறி இருந்தது. அம்மா ஒரு வாரம் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சும்மா குடுக்கிறவன் எதையும் சும்மா குடுக்கமாட்டான்” என்பது அவர் கட்சி.

எட்டாவது நாள் ஒரு துண்டுத்தாளோடு வீட்டுக்கு வந்தார். ஆங்கிலம் என் இலாகா. பள்ளிக்கூடத்துக் கடிதம், மருத்துவமனைக் கடிதம், நகரமன்றக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்லும் உத்தியோகம் எட்டு வயதிலிருந்தே எனக்கு இருந்தது. இதையும் வாசித்துச் சொன்னேன். கம்பி அதே கம்பி, கரண்டும் அதே கரண்டு. பில் அனுப்புகிறவன் மட்டும் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் விலைக்குப் பதிலாக இரண்டு வருடத்துக்கு ஒரே விலை. நடுவில் நாம் விட்டுப் போனால் தண்டம் கட்ட வேண்டும். கம்பெனி தேவைப்பட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் இருந்தது. அதையும் நான் விடாமல் வாசித்தேன். “கம்பெனி எதுக்கு லா முடிச்சிக்கப் போவுது? கூப்பிட வந்தவனே அவன்தானே” என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாறிய மூன்று மாதத்தில் எங்கள் பில் குறைந்தது. அதோடு அம்மாவின் வாய் திறந்தது. லிஃப்டில், கம்பில் துணி காயவைக்கும் சன்னலில், கோயில் பந்தியில் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சொன்னதோடு விடாமல், “பில்லு எடுத்துக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பாப்பா போட்டுக் குடுப்பா” என்று என்னையும் சேர்த்து ஏலம் விட்டார். பாப்பா என்பது நான். மாலையில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியும் பழைய பில்லுமாக வந்து எங்கள் சோபாவின் நுனியில் உட்காருவார்கள். நான் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவேன். யாரும் எந்த நிபந்தனையையும் கேட்டதில்லை. செல்வி சொன்னால் சரியாக இருக்கும், அவ்வளவுதான். கம்பெனியின் பெயர் வாயில் நுழையாததால் எங்கள் புளோக்கில் அதற்குப் பெயரே ‘செல்வி கம்பெனி’ என்றாகிவிட்டது. அந்தப் பெயரை அம்மா மறுக்கவில்லை. உதவிக்குக் கூலியாக யாராவது ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்தால்கூட, வெறும் தட்டைத் திருப்பாமல் முறுக்கோ பழமோ வைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

இங்கேதான் என் தவறு வருகிறது. விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தார்களா, அவர்களுடைய குறியீட்டு எண் என்ன என்று கேட்டது. யாரும் பரிந்துரைக்கவில்லை என்றால் காலியாக விட்டுவிடலாம். ஆனால் தேர்வுத் தாளில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே என்று தினம் ஓதிய ஆசிரியையிடம் படித்த பிள்ளை நான். பரிந்துரைத்தது அம்மாதான், கேட்கிறார்கள், உண்மையைச் சொல்கிறோம். அம்மாவின் கைபேசியில் இருந்த எங்கள் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதினேன். முதல் வீட்டுக்கு எழுதினேன், இரண்டாவது வீட்டுக்கும் எழுதினேன். மூன்றாவது வீட்டுக்கு எழுதிய மாதத்தில்தான், எங்கள் பில்லின் அடியில் ஒரு வரியைக் கவனித்தேன். ஒரு வீட்டைச் சேர்த்துவிட்டால் எங்கள் கணக்கில் இருபது வெள்ளி, அதாவது இருபது டாலர், தள்ளுபடி.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னை நானே குடைந்துகொண்டிருக்கிறேன். அந்த மாத பில்லைப் பார்த்த அம்மா, ஹீட்டரை ஏழு நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்ததன் பலன் என்று முடிவு கட்டிவிட்டிருந்தார். முகம் பத்து வயது குறைந்தாற்போல இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய் இஸ்திரிப் பெட்டி ரகசியத்தை விளக்கிவிட்டும் வந்துவிட்டார். அந்த நேரத்தில் போய், உன் சிக்கனம் ஒன்றும் இல்லையம்மா, எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்களின் தலை எண்ணிக்கை என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை கட்டத்தைக் காலியாக விடலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது விரல் தானாக எழுதியது. கேசரி எனக்கும் பிடிக்கும். ஆக மொத்தம் பதினொரு வீடு.

பதினோராவது வீடு, எங்கள் சுவரை ஒட்டிய ரஹ்மத்து மாமியின் வீடு. அம்மாவுக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தவர் என்று யாரும் இல்லை. அந்த இடத்தில் மாமி இருந்தார். நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். மாமியின் கணவர் காசிம் மாமா நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஓர் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்தார். இரவும் பகலும் ஓடும் இயந்திரம் அது. அம்மாவின் சிக்கனச் சட்டங்கள் எதுவும் செல்லுபடியாகாத வீடு. மாமி கடைசி வரைக்கும் தயங்கினார். “மூச்சு விசயம் செல்வி, வெளையாடக் கூடாது” என்றார். அம்மாதான் வற்புறுத்தினார். “ஒங்க வீட்டுக்குத்தான் மாமி இது முக்கியமா வேணும். வெல ஏறுமோன்னு பயப்படாம மெசினப் போடலாம்.” மாமி சரி என்றார். நான் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தையும் நிரப்பினேன்.

எட்டு மாதம் கழித்து, உலகத்தில் எங்கெங்கோ எரிவாயு விலை எகிறியது. நமக்கு வரும் கரண்டு அந்த எரிவாயுவில்தான் தயாராகிறது என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பாதிப் பள்ளியை வீட்டில் கணினியின் முன்னாலேயே படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. நாங்கள் இந்தத் தொழிலிலிருந்து விலகுகிறோம், இந்தத் தேதியோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எல்லோரையும் மறுபடி பழைய கம்பெனிக்கே மாற்றிவிடுவார்களாம், புதிய விலைதான். மலிவாக வாங்கி விற்ற வரைக்கும் நிரந்தர விலை என்று சத்தியம் செய்தவர்கள், நட்டம் வந்தவுடன் நிரந்தரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் விட்டுப் போனால் தண்டம், அவர்கள் விட்டுப் போனால் வருத்தம். பதினைந்து வயதில் எனக்கு வந்த முதல் உண்மையான கோபம் அது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா என்னைத் தொலைபேசியில் பேசச் சொன்னார். முக்கால் மணி நேரம் இசை கேட்டேன். பிறகு ஓர் இளைஞர் வந்து மிகப் பணிவாக, கடிதத்தில் இருந்ததையே ஒப்பித்தார். எங்கள் பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கிறார், இரண்டு வருடம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். புரிகிறது மிஸ், புரிகிறது மிஸ் என்றார். அவருக்கே அடுத்த மாதம் வேலை இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

அன்று மாலை ரஹ்மத்து மாமி கடிதத்தோடு காரிடாரில் வந்து நின்றார். அந்தத் தேதியில் கரண்டை வெட்டிவிடுவார்கள், இயந்திரம் நின்றுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். கரண்டு நிற்காது மாமி, பில் அனுப்புகிறவர்தான் மாறுவார் என்று நான் நாலு தடவை சொன்னேன். பயம் கொஞ்சம் அடங்கியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. “முன்னாடி இருந்த எடத்திலயே நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இப்ப எவ்வளவு வரும்னு தெரியாம ஒவ்வொரு மாசமும் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு ஒக்காரணும். ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் இழுத்து இழுத்துச் சேத்தியே செல்வி, ஒனக்கு எவ்வளவு கமிசன் குடுத்தான்?” என்று கேட்டுவிட்டார். எதிர் வீட்டுக் கேட்டின் பின்னால் இரண்டு முகங்கள் தெரிந்தன.

அம்மா எதற்கும் பொறுப்பார், அந்தச் சொல்லுக்குப் பொறுக்கமாட்டார். என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். உச்சந்தலையில் அவருடைய வலது கை வந்து அழுந்தியது. “ஒத்தக் காசு நான் தொடல மாமி. இந்தப் புள்ள மேல சத்தியம்” என்றார்.

பிள்ளைமேல் சத்தியம் செய்வது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வழக்குமன்றத்தில் புத்தகத்தின்மேல் கை வைப்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. சொன்னது பொய்யானால் பிள்ளை தங்காது. அதை அறிந்துதான் ஒரு தாய் கை வைப்பாள். அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் வைப்பாள். எங்கள் கணக்கில் பதினொரு இருபது வெள்ளி விழுந்திருந்ததை அந்தக் கைக்கு அடியில் இருந்த தலை மட்டும் அறிந்திருந்தது. “அடியே, புள்ள தலையிலயா கைய வைக்கிற?” என்று பதறிய மாமி, பின்வாங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று தெரியவில்லை. பச்சை விளக்கு எரிந்தாலும் சாலையைக் கடக்கக் கால் வராது. லிஃப்டு லேசாகக் குலுங்கினால், இதுதான் என்று தோன்றும். சீலிங் காற்றாடிக்கு நேர் கீழே படுக்கமாட்டேன். அறிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கிறவள்தான். சத்தியம் ஒரு மூடநம்பிக்கை என்று கட்டுரை எழுதச் சொன்னால் நன்றாக எழுதியிருப்பேன். ஆனால் கை என் தலைமேல் அல்லவா விழுந்தது. அம்மாவோ, மாமி பேசுவதை நிறுத்திவிட்ட துக்கத்தில், தைத்த ரவிக்கைகளில் பக்கம் மாற்றிக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். தன் சத்தியம் தன்னைக் காப்பாற்றும், மாமி ஒரு நாள் புரிந்துகொள்வார் என்று அப்பாவிடம் அடிக்கடி சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து அறைக்குள் போய்விடுவேன்.

நான்காவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில், ஈரத் துணியைப் பிழிந்து என் நெற்றியில் போடக் குனிந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்து, பழைய பில்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். “இந்த மாசம் கொறஞ்சது?” என்று கேட்டார். அதுவும் அதுதானம்மா என்றேன். “ஹீட்டர அஞ்சு நிமிசம் ஆக்கினேனே, அந்த மாசம்?” அதுவும்தான். ஒருமுறை சத்தம் இல்லாமல் சிரித்தார். எத்தனை வீட்டில் போய் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பாடம் நடத்தினோம் என்று கணக்குப் பார்த்திருப்பார்.

“ஒனக்குத் தெரியாமத்தானேம்மா சொன்ன, அது பொய் இல்ல” என்றேன்.

“எனக்குத் தெரியாதுங்கிறது சத்தியத்துக்குத் தெரியுமா?” என்றார் அம்மா.

என் காய்ச்சல் இறங்கிய மறுநாள், பதினொரு உறைகளில் இருபது இருபது வெள்ளியாகப் போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். தலையைக் குனிந்து உள்ளதைச் சொன்னார். தவறு பிள்ளையுடையது என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. “எங்க கணக்குல வந்திருக்கு, நான் பாக்காம விட்டுட்டேன்” என்றார். சிலர் உறையை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், அப்பவே நெனச்சேன் என்ற முகத்தோடு வாங்கிக்கொண்டார். ஒருவர், இதெல்லாம் இப்ப எல்லாரும் செய்றதுதானே செல்வி, இதுக்குப் போய் இவ்வளவு பண்றியே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அம்மாவின் கண் கலங்கியது.

ரஹ்மத்து மாமியின் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னார். மாமி உறையைத் தொடவில்லை. “காசு கெடக்குது போ” என்றார். “ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. பில்லுக்காக இல்லடி. நான் கேட்ட கேள்விக்கு நீ புள்ள தலையில கைய வச்சிட்ட. கேட்டது நான்தானே. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?” கேட்டைத் திறந்து என்னை உள்ளே இழுத்தார். முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, உதட்டுக்குள்ளேயே நீளமாக எதையோ ஓதினார். பிறகு உச்சியில் மூன்று முறை ஊதினார். உள்ளறையிலிருந்து காசிம் மாமா, என்ன ரஹ்மத்து என்று மெல்லக் கேட்டார். “ஒண்ணுமில்ல, செல்வி மகளுக்குக் காய்ச்சல்” என்றார் மாமி. அன்றிரவு நான் காற்றாடிக்கு நேர் கீழே படுத்துத் தூங்கினேன்.

ஆறு வருடம் ஆகப் போகிறது. காசிம் மாமா மறு வருடமே போய்விட்டார். மாமி உட்லண்ட்ஸில் மகள் வீட்டோடு இருக்கிறார், பெருநாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். மின்சாரம் விற்கும் கம்பெனிகள் சில மிச்சம் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் மேசை போட்டு விசிறி கொடுப்பவர்கள் இல்லை. விலைகளை ஒப்பிட்டுக் காட்ட இணையத்தளம் இருக்கிறது. அவரவர் வீட்டில், அவரவர் கைபேசியில், சத்தமில்லாமல் மாறிக்கொள்கிறார்கள். பில்லை எடுத்துக்கொண்டு யாரும் யார் வீட்டு சோபாவின் நுனியிலும் உட்காருவதில்லை. போன மாதம் ஏழாவது மாடிக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதி, எந்தத் திட்டம் அக்கா நல்லது என்று லிஃப்டில் அம்மாவைக் கேட்டார்கள். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டப்படி வாடிக்கையாளருக்கு எந்த நட்டமும் இல்லை, ஒரு நிமிடம்கூடக் கரண்டு நிற்கவில்லை என்று அந்தக் கம்பெனி சொல்லக்கூடும். அது உண்மையும்கூட.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். இந்தத் தீபாவளிக்கு விடியலில் எழுந்து, மணையைப் போட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சத்தியம் செய்த அந்த வருடத்திலிருந்து அவர் எனக்குத் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. தேர்வில் தேறி வந்து காலில் விழுந்தபோதும் தோளைத்தான் தொட்டார். பெரிய பிள்ளை ஆகிவிட்டேன் என்பார், கை வலிக்கிறது என்பார். நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். பின்னால் வந்து நின்றார். வளையல் சத்தம் கேட்டது. பிறகு, என் தோளுக்குப் பக்கமாகக் காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணம் நீண்டு வந்தது.

“ஆறிடப் போவுது, நீயே வச்சுக்க” என்றார் அம்மா.